சீனத் தற்காப்புக் கலைகளில் விலங்குப் பாணிகள்

புலி, கொக்கு, பாம்பு, குரங்கு, கும்பிடுபூச்சி முதலிய உயிரினங்களின் அசைவையோ தாக்கும் முறையையோ தழுவி அமைந்த சீனச் சண்டை முறைகள் விலங்குப் பாணிகள் எனப்படுகின்றன. இவற்றில் விலங்கை அப்படியே நடித்துக் காட்டுபவை சில. பெரும்பாலானவை, குறிப்பிட்ட விலங்கு தன் உடலைப் பயன்படுத்தும் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டவை.

தொடக்கம்

விலங்குகளைப் பின்பற்றி உடலை அசைக்கும் வழக்கம் முதலில் உடல்நலம் பேணும் பயிற்சியாகவே பதிவாகியுள்ளது. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில், 1970களின் அகழாய்வின்போது, 44 மனித உருவங்கள் கொண்ட பட்டுத்துணிப் படம் கிடைத்தது. அதிலுள்ள பயிற்சிகள் சிலவற்றுக்குக் கரடி, குரங்கு முதலியவற்றின் பெயர்கள் உள்ளன. ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஹுவா துவோ, புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றைக் கொண்டு 'ஐந்து விலங்கு விளையாட்டு' என்னும் பயிற்சியை வகுத்ததாகக் கூறப்படுகிறது. இவை சண்டைக்கானவை அல்ல.

சாவோலின் துறவிகளுக்குப் போதிதருமரே தற்காப்புக் கலையைக் கற்பித்தார் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் பரவலாக உண்டு. 2011இல் வெளிவந்த ஏழாம் அறிவு திரைப்படம் அதை மேலும் பரப்பியது. ஆனால் சீன வரலாற்றாய்வாளர் தாங் ஹாவோ 1930இலேயே இக்கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை எனக் காட்டிவிட்டார்.

கும்பிடுபூச்சிப் பாணி

வாங் லாங் என்பவர், கும்பிடுபூச்சி ஒன்று சிள்வண்டைப் பிடிப்பதைக் கண்டு இப்பாணியை உருவாக்கினார் என்பது சாண்டோங் மாகாண மரபுக்கதை. இப்பாணியில் மணிக்கட்டை மடக்கி விரல்களைக் கொக்கிபோல் வளைப்பர். எதிரியின் கை நீண்டதும் அதைக் கொக்கியால் பற்றி இழுப்பர். அவர் நிலை தடுமாறும் அதே கணத்தில் மற்றக் கை தாக்கும். பூச்சியின் கால்களோ மனிதருக்குப் பயன்படாதவை. ஆகவே காலடி வைப்பைக் குரங்கிடமிருந்து எடுத்தார் என்று கதை தொடர்கிறது. கதை உண்மையோ இல்லையோ, பாணியின் அமைப்பை நன்றாக விளக்குகிறது. ஹக்கா மக்களிடையே வழங்கும் தெற்குக் கும்பிடுபூச்சிப் பாணிக்கும் இதற்கும் பெயர் மட்டுமே பொது.

வெண்கொக்குப் பாணி

பூஜியன் மாகாணத்தின் யோங்சுன் பகுதியோடு தொடர்புடையது. பாங் சீனியாங் என்ற பெண், கொக்கு ஒன்றைக் கோலால் விரட்ட முயன்றார். கொக்கு ஒவ்வொரு அடியையும் விலகித் தப்பியது. அதிலிருந்து பாணி பிறந்தது என்பர். கதையின் நாயகி பெண்ணாக இருப்பது பொருத்தமே. உடல்வலிமை குறைந்தவர் எதிரியின் விசையை நேருக்கு நேர் தாங்காமல் விலகி, சிறகு விரிவதுபோல் கையால் தட்டிவிட்டு, அலகுபோல் குவித்த விரல்களால் கண், தொண்டை போன்ற மென்மையான இடங்களைத் தாக்குவதே இதன் உத்தி.

இப்பாணியின் தாக்கம் சீனாவுக்கு வெளியிலும் உண்டு. ஒகினாவாவைச் சேர்ந்த ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915) பூஜியனின் பூசோ நகரில் கற்றவற்றைத் தம் ஊரில் கற்பித்தார். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் நிறுவிய கோஜு-ரியு கராத்தேயில் தெற்குச் சீனப் பாணிகளின் தடம் இன்றும் தெரிகிறது.

ஐந்து விலங்குகள்

தென்சீனாவின் ஹுங் கார் முதலிய பாணிகளில் புலி, சிறுத்தை, கொக்கு, பாம்பு, டிராகன் ஆகிய ஐந்தும் சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. புலி எலும்பின் உறுதிக்கும், சிறுத்தை வலிமைக்கும், பாம்பு 'சீ' என்னும் உயிராற்றலுக்கும் உரியவை என்பது மரபு. டிராகனை எவரும் கண்டதில்லை. அது மனஒருமையைக் குறிக்கிறது. வடக்கே சிங்யீ பாணியில் 12 விலங்குகள் உண்டு. ஆயினும் முன்னறிவில்லாமல் பார்ப்பவருக்கு அதில் எந்த விலங்கும் எளிதில் தெரியாது.

2008ஆம் ஆண்டின் குங்ஃபூ பாண்டா திரைப்படத்தில் வரும் ஐந்து வீரர்களும் இந்த ஐவர் அல்லர். புலி, கொக்கு, பாம்பு ஆகியவை பொது. சிறுத்தைக்கும் டிராகனுக்கும் பதிலாகக் குரங்கும் கும்பிடுபூச்சியும் இடம்பெற்றுள்ளன.