மருந்துக்கு வழி தெரியுமா?

சென்ற தவணையில் ஒருநாள் குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். பாடம் முடியும் வேளையிற் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், தலையிடிக்குக் குளிசை விழுங்குகிறோம். தலைக்குத்தான் போகவேண்டும் என்று அந்தக் குளிசைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. மருந்தை வேண்டிய இடத்திற்கே சேர்ப்பது எவ்வாறென்று ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட விஞ்ஞானிகள் பலர் உளர்.

உண்மை யாதெனில், குளிசைக்கு வழி தெரியாது. அது வயிற்றிலும் குடலிலும் கரைந்து, குருதியிற் கலந்து, தலைமுதற் கால்வரை எங்கும் பரவுகின்றது. அதில் ஒரு சிறு பங்கே வேண்டிய இடத்தில் வேலை செய்கின்றது. எஞ்சியதை ஈரல் சிதைக்கின்றது, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. குருதியில் மருந்தின் அளவு முதலில் உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தாழும். அளவு மிஞ்சினால் நஞ்சு, குறைந்தாற் பயனில்லை. இதனாலன்றோ வைத்தியர் "நாளுக்கு மூன்று வேளை" என்று எழுதித் தருகிறார்? தலையிடிக்கு இந்த முறை போதும். புற்றுநோய்க்குரிய கடும் மருந்து இவ்வாறு உடலெங்கும் பரவும்போதோ, நோயோடு நோயாளியையும் வருத்துகின்றது.

அப்படியாயின், மருந்தை ஒரு பொருளுள் அடக்கி, நோயுள்ள இடத்திலேயே வைத்து, சிறுகச் சிறுகக் கசியவிட்டால் என்ன? எண்ணுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது. உடல் அந்நியப் பொருளை இலகுவில் ஏற்பதில்லை. காலில் தைத்த முள் சீழ் கட்டுவதை யாவரும் கண்டிருப்பர். உள்ளே வைக்கும் பொருள் நஞ்சாகாமலும், இழையத்தைப் புண்ணாக்காமலும், தன் கடமையை மட்டும் செய்யவேண்டும். முற்காலத்தில் வைத்தியர்கள் இத்தகைய பொருள்களைக் கைக்கெட்டிய இடத்திலேயே தேடினர். ஒல்லாந்தில் கொல்வ் என்னும் வைத்தியர் 1943ஆம் ஆண்டளவில் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தபோது, இறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயையே பயன்படுத்தினார்.

மருந்தைக் கசியவிடும் பொருளுக்கு வழிகாட்டியது ஒரு தற்செயல் நிகழ்ச்சியாகும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஜூடா போக்மன், டேவிட் லோங் என்னும் இருவரும், சில சாயங்கள் சிலிக்கோன் இறப்பர்க் குழாயின் சுவரை ஊடுருவி வெளிவருவதைக் கண்டனர். சாயம் கசியுமாயின் மருந்தும் கசியுமன்றோ? மருந்தடைத்த சிலிக்கோன் உறைகளை நாய்களின் இருதயத் தசையுள் வைத்துச் சோதித்து, 1964இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆயினும் சிறிய மூலக்கூறுகளே இவ்வாறு கசிந்தன. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அதனைத் திறந்தவர் றொபேட் லாங்கர் என்னும் இரசாயனப் பொறியியலாளர். 1974இல் பொஸ்டன் நகரிற் போக்மனிடம் சேர்ந்த அவர், எத்தனையோ தோல்விகளின் பின், 1976இல் வெற்றி கண்டார். அவர் செய்த பல்பகுதியத்துள் நுண்ணிய துளைகள் வளைந்தும் நெளிந்தும் ஒன்றோடொன்று தொடர்ந்தன. நம் ஊர் ஒழுங்கைகளிற் புகுந்த புதியவர் திரும்பித் திரும்பி நடந்து நெடுநேரத்தின் பின் தெருவை அடைவது போல, பெரிய மூலக்கூறுகள் அத்துளைகளினூடாக மெல்ல மெல்ல வெளிவந்தன. பலர் இதனை நம்பவில்லை. பணவுதவி கோரி அவர் அனுப்பிய முதல் ஒன்பது விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார்.

வேலை முடிந்தபின் அந்தப் பொருளை எவ்வாறு அகற்றுவது? மீண்டும் சத்திரசிகிச்சையா? இங்கே தயிர்ப் புளிப்பு உதவிக்கு வருகின்றது. தயிரைப் புளிக்கச் செய்யும் இலத்திக்கமிலம் நம் தசைகளிலும் உண்டாவதே. அதனையும் அதற்கு இனமான கிளைக்கோலிக்கமிலத்தையும் சங்கிலியாகக் கோத்தால் உறுதியான பொருள் கிடைக்கும். உடலின் நீர் அச்சங்கிலியைச் சிறுகச் சிறுக அறுக்க, இறுதியில் அது நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறிவிடும். இத்தகைய நுண்மணிகளுள் அடைத்த புற்றுநோய் மருந்தொன்று 1989இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நாள்தோறும் ஊசி ஏற்ற வேண்டியிருந்த நோயாளிக்கு, அதன்பின் மாதமொரு முறை போதுமாயிற்று.

மூளைப் புற்றின் கதை இன்னும் கடினமானது. குருதியிலுள்ள மருந்துகள் பலவற்றை மூளையுள் நுழையவிடாது தடுக்கும் வேலியொன்று இயற்கையாகவே உண்டு. ஆதலால், பல்ரிமோர் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி பிறெம், லாங்கருடன் சேர்ந்து வேறு வழியை நாடினார். கட்டியை அகற்றிய குழியுள், கார்முஸ்டீன் என்னும் மருந்து கலந்த வில்லைகளை எட்டுவரை வைத்தனர். ஒவ்வொன்றும் 14.5 மில்லிமீற்றர் அகலமும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. நீரில் நனைந்த பாண் போல அது பொருமி உதிர்ந்தால், மருந்து முழுவதும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ஆகவே, சவர்க்காரக் கட்டி தேய்வது போல வெளிப்புறத்திலிருந்தே கரையும் பொருளைத் தேர்ந்தெடுத்தனர்.

கட்டி மீண்டும் வளர்ந்த 222 நோயாளரிடம் செய்த சோதனையின் முடிவு 1995இல் வெளியாயிற்று. மருந்தற்ற வில்லை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 23 வாரம். மருந்து வில்லை பெற்றோருடையது 31 வாரம். 1996இல் அமெரிக்க அரசு அதற்கு அங்கீகாரம் வழங்கியது. மூளை வீக்கம், புண் ஆறாமை போன்ற இடர்கள் இதிலும் உண்டு என்பதை மறைக்கலாகாது.

இந்த முயற்சி பின்னரும் ஓயவில்லை. 2021இல் எம் நாட்டிற் பலர் பெற்ற பைசர் தடுப்பூசியும், எளிதிற் சிதையும் மரபுச் செய்தியைக் கொழுப்பு நுண்துளிகளுள் பொதிந்து கலங்களுக்குள் சேர்ப்பதேயாகும்.

இவையாவற்றையும் அடுத்த வாரம் வகுப்பிற் கூறினோம். அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "இவ்வளவு பாடுபட்டும் எட்டு வாரந்தானா, சேர்?" என்றான். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அந்த எட்டு வாரத்தில் ஒரு தந்தை தம் மகளின் திருமணத்தைக் கண்டிருக்கலாம் என்றோம். எட்டைப் பதினாறாக்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதையும், அதற்கு இரசாயனமும் உயிரியலும் ஒருங்கே கற்றவர்கள் தேவை என்பதையும் சொல்லிப் பாடத்தை முடித்தோம்.