தந்தை பெயரும் தோட்டப் பதிவேடும்

ஸ்பானிய மொழியில் 'எஸ்' ஈறு கொண்ட குடும்பப் பெயர்கள் பலவும் தந்தை பெயரினின்று கிளைத்தவை. பெர்னாண்டோவின் மைந்தன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மைந்தன் ரொட்ரிகஸ். ஆதியில் தலைமுறைதோறும் மாறிய இவை, இடைக்காலப் பிற்பகுதியிற் பரம்பரைப் பெயர்களாக உறைந்தன. சொத்தும் பத்திரமும் உடையோர்க்கு உறைந்த பெயர் பயன்படும் என்பது வெளிப்படை.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழரிடையே தந்தை பெயர் பொதுவாக அவ்வாறு உறையவில்லை. முத்தனின் மகன் மு. இராமன், அவன் மகன் இரா. வேலன். மூன்றாம் தலைமுறையிற் பாட்டன் பெயர் மறைந்துவிடுகிறது. தோட்டத்திற் 'பேர் பதிதல்' என்பதும் வேலையாளாகச் செக்றோலிற் சேர்வதையே குறித்தது. உற்பத்தி உறவினை மக்கள் வழக்கு எத்துணைத் துல்லியமாக உணர்ந்துள்ளது! செக்றோல் கூலிக் கணக்கேயன்றி வம்சாவளியன்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ, இலங்கையிற் பிறந்தவனிடத்தும், அவன் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. இல்லாத ஏட்டைக் கேட்டதன் நோக்கம் பெயராராய்ச்சியன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிகளுக்கு வலுவூட்டிய தொழிலாளர் வாக்கினை அகற்றுவதேயாம். ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அக்கால நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வசிக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று.