ஒரு சக்கரம் ஐந்து சக்கரமான கதை

பொம்மைக் காரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள், கண்ணுகளா? தரையில் ஓட்டிப் பார்ப்பீர்கள். அப்புறம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, உள்ளே ஸ்டீயரிங் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பீர்கள். அப்படி எட்டிப் பார்க்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளோடுதான் இன்றைக்கு எனக்குப் பேச்சு.

பெரியவர்களிலும் இந்த ஆசை உள்ளவர்கள் உண்டு. கடையில் வாங்கிய குட்டிக் கார் அவர்களுக்குப் போதாது. ஹெட்லைட் வளையம், கதவுக் கைப்பிடி, சக்கரம் என்று ஒவ்வொன்றையும் தாங்களே செய்து பொருத்துவார்கள்.

அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். தாத்தாவைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். 2014 வரை மேற்கு வங்கத்தில் தயாரான கார் அது. நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். இதை 1:24 அளவில் செய்யவேண்டும். அதாவது, நிஜக் காரில் 24 சென்டிமீட்டர் இருப்பது மாதிரிக் காரில் 1 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். சுமார் 18 சென்டிமீட்டர் வருகிறதா? சபாஷ்!

இப்போது ஒரு குறும்புக் கேள்வி. நிஜக் காரின் எடை சுமார் 1,100 கிலோ. அதையும் 24-ஆல் வகுக்கலாமா? வகுத்தால் 46 கிலோ வரும். ஒரு சாண் காரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்! எங்கே தப்பு? நீளம் மட்டுமா சுருங்கியது? அகலமும் சுருங்கியது, உயரமும் சுருங்கியது. ஆகவே 24-ஆல் மூன்று தடவை வகுக்கவேண்டும். 24 × 24 × 24 = 13,824. அதே இரும்பு, அதே கண்ணாடியில் செய்தாலும் எடை 80 கிராம்தான். புரிகிறதா? புரியாவிட்டால் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். காருக்கு நான்கு சக்கரம், ஸ்டெப்னியோடு ஐந்து. பிளாஸ்டிக் துண்டைச் செதுக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு சக்கரம் செய்துவிடலாம். அச்சு அசலாக அதே மாதிரி இன்னும் நான்கு? எவ்வளவு பொறுமைசாலிக்கும் கை கொஞ்சம் மாறிவிடும். அதனால் ஒன்றை மட்டும் நன்றாகச் செய்து, அதிலிருந்து அச்சு எடுக்கிறார்கள்.

சக்கரத்தை ஒரு சின்னப் பெட்டியின் அடியில் ஒட்டுவார்கள். அதன்மேல் சிலிகான் ரப்பர் குழம்பை ஊற்றுவார்கள். சக்கரத்தின் தலையில் அப்படியே கொட்டமாட்டார்கள். ஒரு மூலையில், நூல்போல மெல்ல விடுவார்கள். குழம்பு அடியிலிருந்து ஏறி வரும்போது காற்றை மேலே தள்ளிக்கொண்டே வரும். சில மணி நேரத்தில் குழம்பு இறுகிவிடும். சக்கரத்தை உருவினால், அதே வடிவில் ஒரு குழி!

அச்சுக்கு ரப்பர் எதற்கு, இரும்பு ஆகாதா? இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழி மேலே அகலம், கீழே குறுகல். இட்லி சுலபமாக வந்துவிடும். அதே மாவைக் குடத்தில் ஊற்றி அவித்தால் முழுசாக எடுக்க முடியுமா? சக்கரத்திலும் உள்வாங்கிய இடங்கள் உண்டு. கெட்டியான அச்சு அங்கே பிடித்துக்கொள்ளும். ரப்பர் வளைந்து வழிவிடும், பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். சுவாமிமலைச் சிற்பிகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். மெழுகுச் சிலையைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்தே விடுகிறார்கள். அங்கே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. ரப்பர் அச்சில் பல சக்கரங்கள் எடுக்கலாம்.

குழியில் ஊற்றுவது ரெசின். இரண்டு திரவங்கள் தனித்தனியாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும். கலந்ததும் அவற்றின் மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்ளும், சூடும் கிளம்பும். வேகமாக இறுகும் ரெசின்களும் உண்டு. சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும்.

இந்த வேலையில் பெரிய வில்லன் காற்றுக் குமிழிதான். சக்கரத்தின் மெல்லிய கம்பியில் ஒரு குமிழி உட்கார்ந்தால் கம்பி அறுந்தே போகும். என்ன செய்யலாம்? விரட்ட முடியாவிட்டால் நசுக்கிவிடலாம்! அச்சை ஓர் இரும்புக் கலத்தில் வைத்து மூடி, உள்ளே காற்றை அடைப்பார்கள். அழுத்தம் நான்கு மடங்கானால் குமிழி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. சுருங்கிய நிலையிலேயே ரெசின் இறுகிவிடுவதால், குமிழியால் மறுபடி உப்ப முடியாது. எனக்கு இந்தத் தந்திரம் ரொம்பப் பிடிக்கும்.

ரெசினின் ஆவி உடம்புக்கு ஆகாது. ரெசின் ஊற்றுவது கையுறையும் முகமூடியும் போட்ட பெரியவர்கள் வேலை. உங்களுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். உடைந்த பொம்மைக் காரின் சக்கரத்தைக் களிமண்ணில் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். இரண்டு பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து குழியில் ஊற்றுங்கள். இறுகும்போது வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் கலவைக்குள் கையை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, சுட்டுவிடும்.

களிமண் ரப்பரைப்போல் வளைந்து திரும்பாது. அதனால் உங்கள் சக்கரத்தின் விளிம்பு எங்காவது பிய்ந்திருக்கும். எந்த இடத்தில் பிய்ந்தது, ஏன் அங்கே பிய்ந்தது என்று பாருங்கள். ஓரத்துப் பிசிறை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.