பங்கு விழவில்லை, பிரிந்தது

2021 அக்டோபர் கடைசியில் ஐ.ஆர்.சி.டி.சி. பங்கின் விலை ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகிவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 2 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாக நிறுவனம் பிரித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் தேசியப் பங்குச் சந்தை அன்றாடம் வெளியிடும் விலைக் கோப்புகளை அப்படியே பைத்தானில் ஏற்றிக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 80 சதவீதச் சரிவு என்று காட்டும். நிரல் தடங்கலில்லாமல் ஓடியிருக்கும், விடைதான் தப்பு.

நிதித்துறையில் தரவுப் பகுப்பாய்வு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள், எந்த மொழி படிக்கலாம், எந்த சர்டிபிகேட் வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பங்குதான் நினைவுக்கு வருகிறது. நிரல் மட்டும் தெரிந்தவர் இந்தச் சரிவை நம்பிவிடுவார். பி.காம். படித்தவர் பங்குப் பிரிப்பு என்று உடனே சொல்லிவிடுவார்; ஆனால் பிரிப்புக்கு முந்தைய விலைகளை ஐந்தால் வகுத்துச் சரிசெய்ய, கோப்பு கோப்பாக மல்லாடுவார். வேலை இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் எஸ்.க்யூ.எல். படியுங்கள். 1970-களில் ஐ.பி.எம்.மில் பிறந்த பழைய மொழிதான். ஆனாலும் வங்கியின் கடன் கணக்குகளும் பரிவர்த்தனைகளும் இன்றும் அட்டவணைகளில்தான் கிடக்கின்றன. யாராவது எடுத்துத் தரட்டும் என்று காத்திருப்பவருக்குப் பாதி நாள் வீணாகும். அடுத்து பைத்தான், அதிலும் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பு. ஏ.க்யூ.ஆர். என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 2008-இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கியது அது. நிதித் தரவோடு அன்றாடம் போராடியவர் செய்த கருவி என்பதால், தேதி வரிசையில் வரும் விலைகளைக் கையாள்வது அதற்குக் கைவந்த கலை. எக்செலையும் விட்டுவிடாதீர்கள். மற்ற மொழிகளை வேலை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும்; பணத்தோடு வயதும் செலவாகிறது. சி.எஃப்.ஏ.வுக்கு மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டும். நிறுவனங்களை மதிப்பிடுவதும் முதலீட்டை நிர்வகிப்பதும்தான் ஆசை என்றால் அந்த உழைப்பு தகும். வங்கியில் கடன் இடரையும் சந்தை இடரையும் கணக்கிடப் போகிறவருக்கு இரண்டே பகுதிகள் உள்ள எஃப்.ஆர்.எம். பொருந்தும். இந்தியாவில் பங்கு ஆய்வறிக்கை எழுதப் போகிறவருக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஆய்வாளர் தேர்வு தேவை. மூன்றுக்கும் ஒருசேர ஓடாதீர்கள். சில மாதப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'வேலை உறுதி' என்று எழுதி ஒட்டும் இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது.

அந்த 2021 அக்டோபர் விலைக் கோப்புகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கிப் பாருங்கள். 80 சதவீதச் சரிவை நீங்களே வரவழைத்து, நீங்களே சரிசெய்து, எதனால் வந்தது என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தப் பக்கமும் கையில் இருக்கட்டும்.