சுங்கமில்லா மலைவழி

செல்வம் கொழிக்கும் நாடெனப் பெயர் பெற்ற அமெரிக்காவிலே, கைப்பொருள் சிறிதே உடைய ஒரு குடும்பம் தன் விடுமுறை நாட்களை எங்ஙனம் கழிக்கும் என்னும் வினா எழுவது இயல்பே. விடுதி வாடகையும் கேளிக்கைச் செலவும் கேட்போரைத் திகைக்கச் செய்யும். நாட்டு மக்களின் பொதுச் சொத்தென்று போற்றப்படும் தேசியப் பூங்காக்கள் பலவற்றிலும் வாயிலிலே கட்டணம் பெறுகின்றனர். யெலோஸ்டோன் பூங்காவிலே 2018ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் வண்டிக்கு 35 டொலர் என விதித்தனர். எனினும், அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் ஆண்டுதோறும் மிகுதியான மக்கள் திரளும் பூங்காவின் எல்லையிலே அடைத்த கதவும் இல்லை. நுழைவுச் சீட்டு விற்போரும் இல்லை.

அதுவே கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. பெரும் புகைமலை என்று அதனைத் தமிழிலே கூறலாம். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரிலே, டென்னசி, வட கரோலைனா என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு மலைமுகட்டின் வழியே செல்லும் இடத்தில், ஏறக்குறைய 5 இலட்சத்து 22 ஆயிரம் ஏக்கர் பரப்பிலே இது விரிந்து கிடக்கின்றது. 2023ஆம் ஆண்டிலே 1 கோடி 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் இங்கே பதிவாயின. புகைமலை என்னும் பெயர் எரியும் நெருப்பினால் வந்ததன்று. அடர்ந்த காட்டு மரங்கள் வெளிவிடும் நுண்ணிய ஆவிப்பொருள்கள் ஈரக்காற்றோடு கலந்து, சூரிய ஒளியின் நீல நிறத்தைச் சிதறச் செய்கின்றன. அதனால் முகட்டுக்குப் பின் முகடாகத் தோன்றும் மலைவரிசை முழுவதும் மெல்லிய நீலப் புகை போர்த்தியது போற் காட்சியளிக்கும். இம்மலைகளின் பழங்குடியினரான செரோக்கி மக்களும் நீலப் புகையின் இடம் என்று பொருள்படும் பெயரையே இதற்கு வழங்கினர்.

வாயிற் கட்டணம் இல்லாமைக்குக் காரணம் யாரோ ஒருவரின் தாராள மனமன்று. ஒரு தெருவைப் பற்றிய உறுதிப் பத்திரமே. டென்னசியிலுள்ள கட்லின்பேர்க் நகரிலிருந்து 5,046 அடி உயரமான நியூபவுண்ட் கணவாயைக் கடந்து, மறுபுறத்திலே செரோக்கி ஊரைச் சென்றடையும் மலைத்தெரு ஒன்று பூங்காவின் நடுவே ஓடுகின்றது. முன்னாளிலே தென் அப்பலாச்சிய மலைகளைக் குறுக்கே கடப்பதற்கு அமைந்த தலையாய வழிகளுள் அதுவும் ஒன்று. 1951ஆம் ஆண்டிலே டென்னசி மாநில அரசினர் தம் எல்லைக்குட்பட்ட தெருப்பகுதியை மத்திய அரசினரிடம் ஒப்புவித்தபோது, இவ்வழியே செல்வோரிடம் எக்காலத்தும் சுங்கமோ அனுமதிக் கட்டணமோ பெறுதல் ஆகாது என நிபந்தனை விதித்தனர். மலைக்கு அப்பாலும் இப்பாலும் வாழும் தம் குடிமக்கள் தடையின்றிச் சென்று வரவேண்டும் என்பதே அவர்கள் கருத்தாயிருந்திருக்கும். உல்லாசப் பயணிகளின் பணப்பையை எண்ணி அவர்கள் அதனை எழுதினார்கள் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அந்த ஒரு வாசகமே பூங்கா முழுவதற்கும் வாயிற் கட்டணம் விதிக்க இடமில்லாமற் செய்துவிட்டது. டென்னசிச் சட்டசபையே முன்வந்து நீக்கினாலன்றி அந்நிபந்தனை நீங்காது.

இங்கு வருவோருக்கு முதன்மையான பொழுதுபோக்கு நடத்தலே. நடைபாதைகளின் மொத்த நீளம் 800 மைலுக்கு மேற்பட்டது. ஜோர்ஜியா முதல் மெயின் மாநிலம் வரை நீளும் புகழ்பெற்ற அப்பலாச்சிய நெடும்பாதையிலே ஏறக்குறைய 70 மைல் இப்பூங்காவின் முகட்டு வழியே செல்கின்றது. அத்துணைத் தூரம் நடக்க இயலாதோர் அலும் குகைப் பாதையிலே செல்லலாம். ஓடையைத் தொடர்ந்து சென்று, பாறை வளைவினூடே படியேறி, இரண்டேகால் மைலளவிலே பெரியதொரு தொங்குபாறையின் அடியை அடையும் வழி அது. குகை என்னும் பெயர் இருப்பினும் உண்மையில் அது குகையன்று. முன்னே கவிந்து நிற்கும் குன்றின் அடிவாரமே. 19ஆம் நூற்றாண்டிலே அங்கே பேதியுப்பு எடுத்தனர். அதற்கு மேலும் ஏறுவோர் 6,593 அடி உயரமான லெகோன்ட் சிகரத்தை அடைவர். அதன் உச்சியிலே ஒரு தங்குமிடம் உண்டு. அங்கே செல்ல வண்டிப் பாதை கிடையாது. தங்குவோருக்கு வேண்டிய பொருள்களை இலாமா என்னும் விலங்குகள் முதுகிலே சுமந்து மலையேறுகின்றன. இவ்விடம் மலிவானதன்று, இடம் கிடைப்பதும் அரிது. ஆயின் காலையிலே புறப்பட்டு, உச்சியைக் கண்டு, மாலைக்குள் இறங்குவோருக்குச் செலவு தம் கால்வலியே.

ஏற இயலாத முதியோரும் மிக உயர்ந்த முகட்டைக் காணலாம். 6,643 அடி உயரமான அச்சிகரத்தை நெடுங்காலம் கிளிங்மன்ஸ் டோம் என்று வழங்கினர். அதன் பழைய செரோக்கிப் பெயர் குவோகி. செரோக்கி மக்களின் வேண்டுகோளை ஏற்று 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே அப்பெயரையே அரசினர் மீண்டும் சூட்டினர். தெரு முடியும் இடத்திலிருந்து அரை மைல் செங்குத்தான பாதையிலே நடந்தால், 1959ஆம் ஆண்டிலே கட்டிய காட்சிக் கோபுரம் தோன்றும். பள்ளத்தாக்கிலே வெயில் காயும் நாளிலும் இங்கே குளிர்காற்று வீசும். கோபுரத்தைச் சுற்றிலும் பட்டுப்போன மரங்கள் பல எலும்பு போல் வெளுத்து நிற்பதைக் கண்டு வருவோர் காரணம் வினவுவது வழக்கம். ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய ஒரு சிறு பூச்சியே அவ்வுயர் நிலத்து ஊசியிலை மரங்களை மாய்த்தது.

தூண்டில் பிடிப்போருக்கு ஆறுகளும் ஓடைகளும் ஆண்டு முழுவதும் திறந்தேயிருக்கின்றன. இரு மாநிலங்களுள் எதனுடைய மீன்பிடி அனுமதிச் சீட்டைப் பெற்றாலும் பூங்கா முழுவதிலும் அது செல்லும். குளிர்நீரில் வாழும் ட்ரவுட் மீனே இங்கு நாடப்படுவது. ஈரம் மிக்க இக்காட்டிலே சலமாந்தர் என்னும் வாலுள்ள ஈரூடக உயிரினத்தின் வகைகள் 30 வரை வாழ்கின்றன. ஓடைக் கற்களைப் புரட்டாது உற்று நோக்கும் சிறுவருக்கு அவை நல்ல விருந்து. மே மாதக் கடைசியிலும் யூன் மாத முற்பகுதியிலும் எல்க்மொன்ட் என்னும் இடத்திலே நிகழும் காட்சியோ உலகில் மிகச் சில இடங்களிலேயே காணத்தக்கது. ஆண் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒரே கணத்தில் ஒளிவிட்டு, ஒரே கணத்தில் அணைகின்றன. காண விரும்புவோர் மிகப் பலராதலின், வண்டி நிறுத்தும் அனுமதியைச் சீட்டுக் குலுக்கியே வழங்குகின்றனர்.

இங்கே சற்று நின்று இந்நிலத்தின் வரலாற்றைக் கூறுதல் வேண்டும். மேற்குப் பகுதியின் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் அரசுக்குரிய நிலத்தில் எழுந்தவை. புகைமலையோ மரக் கம்பனிகளுக்கும் குடியானவர்களுக்கும் உரிய காணியாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கம்பனியார் தண்டவாளம் அமைத்து மலைச்சரிவுகளை மொட்டையாக்கி வந்தனர். எஞ்சிய காட்டையேனும் காத்தல் வேண்டும் எனப் பலர் முயன்றனர். 1926ஆம் ஆண்டிலே கொங்கிரஸ் சபை இசைவளித்ததாயினும், காணி வாங்கப் பணம் அளிக்கவில்லை. டென்னசியும் வட கரோலைனாவும் தனித்தனியே 20 இலட்சம் டொலர் ஒதுக்கின. பொதுமக்கள் நன்கொடை திரட்டினர். பள்ளிப் பிள்ளைகளும் தம் சதக் காசுகளைக் கொணர்ந்து கொடுத்தனர். 1928ஆம் ஆண்டிலே ஜோன் டி. ரொக்பெல்லரின் மகனார், தம் அன்னையின் நினைவாக நிறுவப்பட்ட நிதியிலிருந்து 50 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்ட பின்னரே முயற்சி நிறைவேறும் நிலை அடைந்தது. 1934ஆம் ஆண்டு பூங்கா நிறுவப்பட்டது. 1940 செப்டெம்பர் 2ஆம் நாள் சனாதிபதி ரூஸ்வெல்ட் நியூபவுண்ட் கணவாயிலே நின்று அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இன்று மக்கள் நடக்கும் பாதைகள், பாலங்கள் பலவற்றை அமைத்தோர், பொருளாதார மந்த காலத்திலே வேலையின்றித் தவித்து அரசினரின் வனப்பணிப் படையிலே சேர்ந்த இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 டொலர். அதிலே 25 டொலரை வீட்டுக்கு அனுப்பினர்.

காணி விற்க விரும்பாதோரும் இருந்தனர். 6,000க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்த நிலத்தைச் சேர்ப்பதற்கு விலையும் பேசினர். இணங்காதவிடத்துச் சுவீகாரச் சட்டத்தையும் பயன்படுத்தினர். 1,200க்கும் மேற்பட்ட நிலவுடைமையாளர் வெளியேற நேர்ந்தது. கேட்ஸ் கோவ் என்னும் அழகிய பள்ளத்தாக்கிலே, முதற் குடியேறியவரின் வழிவந்த ஜோன் ஒலிவர் பல ஆண்டுகள் வழக்காடித் தோற்று, 1937ஆம் ஆண்டிலே மூதாதையர் நிலத்தை விட்டு நீங்கினார். எல்க்மொன்டிலே கோடைக்கால மாளிகை வைத்திருந்த நொக்ஸ்வில் நகரத்துச் செல்வருக்கோ நீண்ட குத்தகை கிட்டியது. அவருட் பெரும்பாலோரின் குத்தகை 1992ஆம் ஆண்டு வரை நீடித்தது. இவ்வேற்றுமையை அம்மலை மக்கள் மறந்தாரல்லர். வோக்கர் சகோதரியர் என்னும் ஏழைப் பெண்களோ தம் மரவீட்டிலேயே ஆயுட்காலம் வரை வாழ்வதற்கு இசைவு பெற்று, நூல் நூற்றும் பயிர் செய்தும், வந்து பார்ப்போருக்குக் கைவினைப் பொருள் விற்றும் வாழ்ந்தனர். இறுதிச் சகோதரி 1964ஆம் ஆண்டிலே மறைந்தார். அவ்வீட்டுக்கு இன்றும் நடந்து செல்லலாம். இக்குடியானவர்களுக்கும் முன்னே, 1838ஆம் ஆண்டிலே செரோக்கி மக்களிற் பெரும்பாலோரை அரசினர் இம்மலைகளிலிருந்து மேற்கே துரத்தினர். அதற்குத் தப்பி நின்றோரின் வழித்தோன்றல்களே பூங்காவின் தெற்கெல்லையை அடுத்து வாழ்கின்றனர்.

ஒலிவர் நீங்கிய அப்பள்ளத்தாக்கே இப்போது மக்கள் மிகவும் விரும்பிச் செல்லும் இடம். பழைய கோயில்களும் மரக்குற்றி வீடுகளும் நீராலையும் பேணப்பட்டுள்ளன. அவற்றைச் சுற்றி வரும் 11 மைல் ஒருவழித் தெருவிலே, மே முதல் செப்டெம்பர் வரை புதன்கிழமைகளில் மோட்டார் வண்டிகளை விலக்கி, சைக்கிளோட்டிகளுக்கும் நடப்போருக்கும் விட்டுவிடுகின்றனர். மற்ற நாட்களிலே வண்டிகள் எறும்புச் சாரை போல் ஊர்வதாற் பொறுமையுடையோரே செல்லுதல் நன்று.

முற்றிலும் செலவில்லை என்று கூறுதலும் பொருந்தாது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைப்போர் ஒரு சீட்டுப் பெறவேண்டும் என விதித்தனர். ஒரு நாளுக்கு 5 டொலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 என்பது அப்போதைய விலை. சுங்கம் கூடாதென்ற நிபந்தனை தெருவிலே செல்வதையே குறித்தது; நிற்பதைக் குறிக்கவில்லை என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அப்பணம் முழுவதும் பூங்காவின் பராமரிப்புக்கே செல்கின்றது. நிலத்தை இழந்தோரின் ஊர்களிலே இதனை வாக்கு மீறலாகக் கருதியோரும் உண்டு. ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் காலடியிலே தேயும் பாதைகளைச் செப்பனிட வேறு வழி யாதென எதிர்வினா எழுப்பியோரும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை.

தங்குவதற்கு மலிவான வழி கூடாரமே. 2023ஆம் ஆண்டிலே பூங்காவின் கூடாரத் திடல்களில் ஓர் இரவுக்கு 30 டொலரளவிலும், காட்டின் உள்ளிடங்களில் ஆளொருவருக்கு 8 டொலரும் பெற்றனர். திடல்களிலே தண்ணீரும் கழிப்பிடமும் உண்டு. வெந்நீர்க் குளிப்பறையை எதிர்பார்த்தல் வீண். அதனினும் குறைந்த செலவை நாடுவோர், பூங்காவை அடுத்துள்ள தேசிய வனங்களுக்குச் செல்கின்றனர். அங்கே பெரும்பாலான பகுதிகளிற் கட்டணமின்றியே கூடாரமிடலாம். ஓரிடத்திலே இரு வாரத்துக்கு மேல் தங்கலாகாது. பணத்தைக் கரைப்பது காடன்று. எல்லைக்கு வெளியேயுள்ள நகரங்களின் விடுதிகளும் கேளிக்கைக் கூடங்களுமே.

ஏறக்குறைய 1,900 கருங்கரடிகள் இக்காட்டிலே வாழ்கின்றன. அவற்றுக்கு 150 அடிக்குக் குறைந்த தூரத்திலே வேண்டுமென்று நெருங்குதல் சட்டப்படி குற்றம். உட்காட்டிலே தங்குவோர் உணவுப் பையை மரங்களிடையே கட்டிய கம்பியிலே உயரத் தூக்கிவிட வேண்டும். கரடியைக் காட்டிலும் நீர்வீழ்ச்சியின் வழுக்குப் பாறைக்கும் திடீர் வெள்ளத்துக்கும் அஞ்சுதல் தகும். உயர் முகடுகளில் ஆண்டொன்றுக்கு 85 அங்குல அளவிலே மழை பெய்கின்றது.

ஒக்டோபர் மாதத்திலே இலைகள் செந்நிறமும் பொன்னிறமும் பூணுங்காலத்திற் கூட்டமும் விடுதி விலையும் ஒருங்கே உயரும். சிக்கனமும் அமைதியும் வேண்டுவோர் குளிர்காலக் கடைசியையே நாடுகின்றனர். பனி பெய்து மலைத்தெரு சில நாட்களிலே மூடப்படலாம். ஆயினும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளின் பாதைகள் திறந்திருக்கும். இலையற்ற மரங்களினூடே, காடு மூடிக்கொண்ட பழைய புகைபோக்கிக் கற்குவியல்கள் தெளிவாகத் தெரியும். மார்ச் மாதத்திலே அவற்றின் அருகே, வேறெந்தப் பயிரும் இல்லாத வெறுநிலத்தில், மஞ்சள் நிற டஃபடில் மலர்கள் வரிசையாகப் பூத்து நிற்கும். அவை காட்டு மலர்கள் அல்ல. அங்கே குடியிருந்தோர் தம் வாயிலோரத்திலே நட்டு வைத்தவை.