கோடியக்கரைக் குதிரைக்கு யார் தண்ணீர் வைப்பது?

எங்கள் ஆய்க்குடிக்குப் பெருமை சேர்த்த ஆய் அண்டிரன், பாடி வந்தவர்களுக்கு யானைகளை வாரிக் கொடுத்தவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் புறநானூற்றுப் பாடல்களில் அந்த யானைகளைப் பார்க்கலாம். குதிரை கொடுத்துப் பெயர் வாங்கியவன் மலையமான் காரி. பொதிகைக் காட்டில் யானை பிறக்கும்; குதிரை பிறக்காது. ஊருக்கு ஊர் அய்யனார் முன்னால் மண்குதிரை நிறுத்தி வைத்திருக்கும் நமக்கு உயிர்க்குதிரை கடல் தாண்டித்தான் வந்தது.

காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் கப்பலிலிருந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டியர்கள் அரபு நாட்டுக் குதிரைகளுக்குக் கொட்டிய பொன்னைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதினார், பாரசீகத்து வாசாப்பும் எழுதினார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்பது வாசாப் சொல்லும் கணக்கு. மிகையாகவே இருக்கட்டும். இருவரும் ஒருமிக்கச் சொல்லும் செய்தி வேறு: வந்த குதிரைகளைப் பேணத் தெரியாமல் சாகக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் குதிரைகளின் பூர்வீகம் கருங்கடலுக்கு வடகிழக்கே, வோல்கா, டான் ஆறுகளின் புல்வெளி என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்துதான் அவை பரவின. ஐரோப்பாவின் காட்டுக்குதிரையான டார்பன் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தது. மங்கோலியர்கள் தாக்கி என்று அழைக்கும் குதிரை 1969-க்குப் பிறகு காட்டில் தென்படவே இல்லை. மிருகக்காட்சி சாலைகளில் எஞ்சிய ஒரு டஜன் சொச்சம் குதிரைகளின் வாரிசுகளைப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் மங்கோலியப் புல்வெளியில் விட்டார்கள். பிழைத்துக்கொண்டன. அதுவும் ஆதியில் மனிதன் வளர்த்த குதிரைதான் என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு மறுப்பும் உண்டு. அமெரிக்காவின் மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் பிரம்பி எல்லாம் மனிதன் கொண்டுபோய் இறக்கிய குதிரைகளின் வழிவந்தவை.

கோடியக்கரைக் குதிரைகளும் அப்படித்தான். யாரோ வளர்த்து, தேவை தீர்ந்ததும் அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைகளின் பேரன் பேத்திகள். வேதாரண்யத்துக்குத் தெற்கே, 1967-ல் சரணாலயமான அந்த மணல் காட்டில், வெளிமான்கள் மேயும் அதே புல்வெளியில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. கட்டுவாரும் இல்லை, ஓட்டுவாரும் இல்லை.

எனக்குள்ள கவலை தண்ணீரைப் பற்றியது. முப்புறமும் உப்பு சூழ்ந்த இடம் அது: கடல், சேற்று நிலம், உப்பளம். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பும் குட்டைகள்தான் ஆண்டு முழுமைக்கும் குடிநீர். மணலுக்கு அடியில் உப்பு நீரின் மேல் நல்ல தண்ணீர் மெல்லிய ஏடாகத்தான் நிற்கும். சித்திரை, வைகாசியில் குட்டை வற்றி அடிச்சேறு தெரியும். மானுக்குப் புல்லின் ஈரமும் பனியும் ஓரளவு கைகொடுக்கும். குதிரை நிலைமை அப்படியல்ல. நடுத்தர உடம்புள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் வேண்டும். மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவுதான், என்றாலும் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்குத் தேவை ஒன்றரை மடங்கைத் தாண்டும். வற்றிய குட்டையில் சேற்றோடு உறிஞ்சினால் மணல் குடலில் தங்கிவிடும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு கட்டி, தரையில் புரண்டு புரண்டு சாகும்.

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மான்களும் குதிரைகளும் கடலோடு போய்ப் பிணமாகக் கரை ஒதுங்கின. தப்பியவற்றுக்கும் உடனே விடிவில்லை. கடல்நீர் ஏறிய குட்டை அடுத்த நல்ல மழை வரும்வரை குடிக்க ஆகாது. புயலின் சேதத்தைக் கணக்கிடும் நாம், இந்தத் தாகச் சாவுகளை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?

சட்டத்திலும் இந்தக் குதிரைக்கு இடமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. குஜராத்தின் காட்டுக்கழுதையும் அங்கேயே இருக்கிறது. அவிழ்த்துவிட்ட குதிரை எந்த அட்டவணையிலும் இல்லை. சரணாலய எல்லைக்குள் நிற்கும்வரை எல்லை அதைக் காக்கும். தண்ணீர் தேடி எல்லையைத் தாண்டிவிட்டால் அது காட்டு விலங்கும் அல்ல, சொந்தக்காரர் உள்ள கால்நடையும் அல்ல.

பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் இதே கதைதான். ஒல்லாந்தர் அங்கே குதிரைப் பண்ணை நடத்தினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அது மூடப்பட்டது. லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன, குதிரைகளும் பனைமரங்களுக்கிடையே நிற்கின்றன. 2015-ல் அங்கே தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஆனால் தீவில் மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு, பல கிணறுகளில் உவர். வறட்சி வந்தால் முதலில் விழுவது குதிரைதான்.

குதிரைகள் மானின் புல்லைத் தின்கின்றன, சீமைக்கருவேல விதைகளை லத்தியில் பரப்புகின்றன, ஆகவே அகற்ற வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. சீமைக்கருவேலத்தை நட்டு வளர்த்தவன் மனிதன். பழியைக் குதிரை முதுகில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவிழ்த்துவிடும் வழக்கமும் ஓய்ந்துவிடவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரைகள் சாலையில் குப்பையைக் கிளறுவதைப் பார்க்காதவர் யார்?

கோடியக்கரைக்கு இப்போது வேண்டியவை இரண்டு. மாசி முடிவதற்குள் நன்னீர்க் குட்டைகளைத் தூர்வார வேண்டும். விலங்குகளுக்கான தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கணக்குப் போடும்போது மான்களோடு குதிரைகளின் தலையையும் எண்ண வேண்டும். அந்தப் பக்கம் போகும் வாசகர்களே, குதிரைக்குப் பிஸ்கட் நீட்டாதீர்கள். வற்றிய குட்டையைக் கண்டால் அங்குள்ள வனக்காவலரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.