வர்க்கிக்கு எந்தக் கணக்கு?

நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு போட்ட தோட்டங்கள் அவை. 2022-இல் அங்கே நாள்கூலி 345 ரூபாயிலிருந்து 438 ஆனது. அந்தக் கூலியில் மாதம் 26 நாள் தவறாமல் வேலைக்குப் போனால் 11,388 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் போக, கைக்கு வருவது பத்தாயிரம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் இருபதாயிரம். மளிகை, கேஸ், பிள்ளைகளின் பஸ் காசு, குழுக் கடன் தவணை, சீட்டு எல்லாம் இதற்குள்தான்.

சனிக்கிழமை பேக்கரியில் வாங்கிவரும் கால் கிலோ மொறுமொறு வர்க்கி இதில் எந்தக் கணக்கில் சேரும்? புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி சுற்றுலாப் பயணிக்கு ஊருக்கு எடுத்துப்போகும் பண்டம். தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டில் அது ஒரு செலவு. அதோடு தினமும் சாயந்திர டீயும் பஜ்ஜியும் 30 ரூபாய் என்று வைத்தால், 26 நாளைக்கு 780 ரூபாய். ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. ‘இதை நிறுத்தினாலே முன்னேறிவிடலாம்’ என்று சொல்லக் கீழ்நாட்டிலிருந்து ஆலோசகர் யாரும் மலையேற வேண்டியதில்லை. அந்தக் கணக்கு அந்த வீட்டுக்கே தெரியும். தெரிந்தும் ஏன் நிற்கவில்லை?

அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2007-இல் 13 நாடுகளின் கணக்கெடுப்புகளை வைத்து, பரம ஏழைகள் காசை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் கல்யாணம், சாவு, திருவிழா மூன்றுக்குமாக ஆண்டுச் செலவில் சுமார் பத்து சதவீதம் போனது. வயிறு நிறையாத வீடுகள் அவை. மது, புகையிலை, திருவிழாவை அடியோடு விட்டால் சாப்பாட்டுச் செலவை 30 சதவீதம் வரை கூட்டியிருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. இதை அறியாமை என்று தள்ளிவிட அந்த இருவரும் ஒப்பவில்லை. வாழ்க்கை சலிக்காமல் இருப்பதும் ஒரு தேவை, அதற்கும் மனிதர்கள் காசு ஒதுக்குகிறார்கள் என்றார்கள். 2019-இல் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள்.

வேண்டாம், வேண்டாம் என்று ஆசையை அடக்கிக்கொண்டே இருப்பதும் இலவசமல்ல. இதற்கான சான்று நம் ஊரிலிருந்தே வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களின் 464 கரும்பு விவசாயிகளைச் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. அந்த ஆய்வை 2013-இல் சயின்ஸ் இதழ் வெளியிட்டது. கரும்புக் காசு ஆண்டுக்கொரு முறை வருவது. வெட்டுக்கு முன் கையில் பஞ்சம், வெட்டு முடிந்தபின் செழிப்பு. அறுவடைக்கு முந்தைய நாள்களில் அறிவுத்திறன் சோதனையில் குறைவாக எடுத்த அதே ஆள், காசு வந்தபின் கூடுதலாக எடுத்தார். படிப்பு மாறவில்லை, ஆள் மாறவில்லை. பற்றாக்குறையைப் பற்றிய ஓயாத யோசனை மூளையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். இதன் மேல் ஆய்வாளர்களிடையே வாதம் நடந்திருக்கிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கடைக்காரரின் பற்று நோட்டை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

அப்படியானால் தினமும் பஜ்ஜி சாப்பிடலாமா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஊட்டிக்கு ஏற்றதுபோல, சாக்லேட்டை வைத்து. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013-இல் வெளியிட்டது. எல்லோருக்கும் ஒரு துண்டு சாக்லேட் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம் ஒரு வாரம் சாக்லேட்டையே தொடாதீர்கள் என்றார்கள். இன்னொரு பிரிவுக்குப் பை நிறையக் கொடுத்து, முடிந்த மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவுக்கு எந்த விதியும் இல்லை. வாரம் கழித்து மறுபடி ஒரு துண்டு. அதிகம் ரசித்தவர்கள், விட்டிருந்தவர்கள்தான். நாக்கு சீக்கிரம் பழகிவிடும். இடைவெளி விட்டால் பழக்கம் கலையும். அந்த 780 ரூபாயில் முதல் சில நாள் காசு இன்பத்துக்குப் போகிறது, மீதி வெறும் பழக்கத்துக்குப் போகிறது.

இது வரைக்கும் ஒற்றை ஆள் கணக்கு. வீட்டில் இரண்டு பேர். ஸ்காட் ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்கத் தம்பதிகளிடம் கேட்டபோது, தாராளமாகச் செலவழிப்பவரும் கைச்சுருக்கமானவரும் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துக் கட்டிக்கொள்வது தெரிந்தது. பிறகு காசு விஷயத்தில் சண்டையும் அவர்களிடையேதான் அதிகம். நம் வீடுகளில் பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைப்பதால் அந்த முதல் பாதி பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம். இரண்டாம் பாதிக்குச் சாட்சி தேவையில்லை.

என் பார்வையில் தம்பதிகளின் சண்டை தொகையைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். எது ‘தேவை’, எது ‘வீண்செலவு’ என்று பெயர் வைப்பது யார் என்பதுதான் தகராறு. கணவனுடைய டீ, பீடி, ஞாயிற்றுக்கிழமை டாஸ்மாக் எல்லாம் ‘உடம்பு அலுப்புக்கு’. மனைவியுடைய முழம் பூ, ஃபேன்ஸி கடைக் கம்மல் எல்லாம் ‘ஆடம்பரம்’. குளிரிலும் மழையிலும் முதுகில் கூடையைச் சுமந்து கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அலுப்பு யாருக்குக் குறைவு?

காசுக்குப் பெயர் ஒட்டிக்கொள்வதை டுஃப்லோவும் கிறிஸ்டோபர் உட்ரியும் ஐவரி கோஸ்ட்டில் அளந்து காட்டினார்கள். அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பயிர். மழை பெண்களின் பயிருக்குச் சாதகமான ஆண்டில் சாப்பாட்டுக்கும் அவர்களுடைய சின்னச் சின்ன ஆசைகளுக்கும் செலவு கூடியது. ஆண்களின் பணப்பயிருக்குச் சாதகமானால் மதுவும் புகையிலையும் கூடின. இதில் வியப்பு யாம் என்ற கிழங்குப் பயிர். அதுவும் ஆண் பயிரிடுவதே. ஆனால் அந்தக் காசு குடும்பத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரியது என்பது ஊர் வழக்கம். கிழங்கு நன்றாக விளைந்த ஆண்டில் மது கூடவில்லை, உணவும் படிப்பும் கூடின. காசு வந்து சேர்ந்தது அதே ஆண் கைக்குத்தான்.

நீலகிரித் தோட்டங்களிலும் காசு பலவிதமாக வருகிறது. நிர்ணயித்த எடைக்கு மேல் பறித்த கொழுந்துக்குத் தனிக் காசு உண்டு. தீபாவளிக்குப் போனஸ், சட்டப்படி 8.33 முதல் 20 சதவீதம் வரை. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு உரிமைத்தொகை தொடங்கியது. எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால், எது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

கூடுதல் கொழுந்துக் காசிலிருந்து ஆளுக்கு 200 ரூபாய், கணவனும் கேட்கக் கூடாது, மனைவியும் கேட்கக் கூடாது என்று தனியே எடுத்துவைத்தால் மாதம் 400. ஒருவரின் ஒருநாள் கூலிக்கும் குறைவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும்போது அது ஆளுக்கு 100 ஆகலாம். யாருடைய 200 முதலில் குறையும் என்பதையும் சேர்த்து, பனி விழுமுன்பே பேசிக்கொள்வது நல்லது.